பிள்ளை வளாகத்துக்குப் போகும்போது: வீட்டுக் காசும் படிப்புக் காசும்

ஊர் திரும்பிய குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் பல செலவுகள் வந்து நிற்கின்றன. காணி துப்புரவாக்க வேண்டும். கிணறு இறைக்க வேண்டும். வீட்டுத்திட்டத்தின் அத்திவாரக் காசு முடிந்து சுவர்க் காசு இன்னும் வராமல் இருக்கும். அந்த நேரம் பார்த்து மூத்த பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வருகிறது. வெட்டுப்புள்ளியும் தாண்டிவிட்டது. ஊரே வந்து வாழ்த்துகிறது. எல்லோரும் போன பிறகு, இரவில் அம்மாவும் அப்பாவும் விளக்கை நூர்த்துவிட்டு மெல்லிய குரலில் பேசுவது ஒன்றே ஒன்றுதான்: "காசுக்கு என்ன செய்யிறது?"

இந்தப் பாடம் அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டது. பல்கலைக்கழகம் மட்டுமல்ல, தொழில்நுட்பக் கல்லூரி, கல்வியியற் கல்லூரி, கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் என்று எங்கே பிள்ளை போனாலும் இது பொருந்தும். பெற்றோர் வாசித்துவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். இருவரும் சேர்ந்து வாசித்தால் இன்னும் நல்லது. இதில் வரும் தொகைகள் 2018 ஆம் ஆண்டு நிலவரத்தை ஒட்டியவை. உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள்.

இலவசக் கல்வியில் செலவு எங்கே வருகிறது?

அரச பல்கலைக்கழகத்தில் பட்டப் படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. இதைக் கேட்டுவிட்டுப் பல பெற்றோர் செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். செலவு படிப்பில் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது. முல்லைத்தீவுப் பிள்ளைக்குப் பேராதனை கிடைத்தாலும், வலிகாமத்துப் பிள்ளைக்கு ஒலுவில் கிடைத்தாலும், இருக்க ஓர் இடமும் சாப்பாடும் பஸ் காசும் வேண்டும். விடுதி கிடைத்தால் கட்டணம் மிகக் குறைவு. ஆனால் எல்லா வருடங்களுக்கும் எல்லோருக்கும் விடுதி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. இரண்டாம் வருடத்தில் வெளியே அறை எடுக்கச் சொன்னால் முற்பணமும் சேர்ந்து வரும்.

அரசு தரும் உதவி உண்டு. 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மகாபொல புலமைப்பரிசில் நிதியிலிருந்து தெரிவான மாணவருக்கு 2018 இல் மாதம் ஏறத்தாழ 5,000 ரூபா கிடைத்தது. மகாபொல கிடைக்காதவர்களில் வருமானம் குறைந்தோருக்கு உதவுதொகை உண்டு. மாணவர் அதைப் பேசரி என்பார்கள். அது 2018 இல் மாதம் 4,000 ரூபா அளவில் வந்தது. கல்வியியற் கல்லூரியில் முதல் இரண்டு வருடமும் விடுதியில் தங்கியே படிப்பதால் சாப்பாட்டுக் கவலை பெரும்பாலும் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்பவர்கள் தமது பாடநெறிக்கு உதவுதொகை உண்டா, அது வரவைப் பொறுத்ததா என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே கேட்டு அறிய வேண்டும்.

இங்கே ஓர் இடைஞ்சல் இருக்கிறது. அதை முன்கூட்டியே தெரிந்திருந்தால் அரைவாசிக் கஷ்டம் குறையும். மகாபொலவோ பேசரியோ வளாகம் தொடங்கும் முதல் நாளே கைக்கு வராது. விண்ணப்பம் பார்த்து, வருமானம் பார்த்து, பெயர்ப் பட்டியல் போட்டு, வங்கிக் கணக்குத் திறந்து, முதல் காசு வர மாதங்கள் செல்லும். பின்னர் நிலுவையும் சேர்த்து வரலாம். ஆனால் நிலுவைக் காசால் நேற்றைய பசியை ஆற்ற முடியாது. விடுமுறை மாதங்களிலும் ஒவ்வொரு மாதமும் தவறாமல் வரும் என்று கணக்குப் போடவும் வேண்டாம்.

திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அகப்பட்டுக்கொள்வது அந்த முதல் நான்கு மாதங்களில்தான். மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாலையில் ஒரு பணிஸ் வாங்கிச் சாப்பிடும் பிள்ளை வீட்டுக்குப் போன் எடுத்து "எனக்கு ஒரு குறையும் இல்லை அம்மா" என்று சொல்லும். வீட்டில் அம்மா சங்கிலியை அடகு வைத்துவிட்டு, "சங்கிலி பெட்டிக்குள்ளே இருக்குது பிள்ளை, நீ படி" என்று சொல்லுவா. இருவரும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட அன்பினால்தான் மறைக்கிறார்கள். அதன் முடிவில் பிள்ளையின் உடம்பும் கெடுகிறது, வீட்டுக் கடனும் ஏறுகிறது.

காத்திருக்கும் மாதங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்த பின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெட்டுப்புள்ளி வெளியிட்டு, பதிவு முடித்து, பிள்ளை வளாகத்துக்குள் காலடி வைக்கப் பெரும்பாலும் ஒரு வருடத்தை ஒட்டிய காலம் ஆகிறது. பெற்றோருக்கு இது வீணாகப் போகும் காலமாகத் தெரியும். காசு சேர்ப்பதற்கோ இதைப்போல ஒரு வாய்ப்பு பிறகு வராது. பிள்ளை வீட்டில் இருக்கிறது, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறது, கையில் நேரமும் இருக்கிறது.

எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று பார்ப்போம். உதவுதொகை வராத நான்கு மாதத்துக்கு மாதம் 5,000 ரூபா என்று 20,000 ரூபா. ஆரம்பச் செலவாக அறை முற்பணம், மெத்தை, படுக்கை விரிப்பு, வாளி, பாத்திரம், இரண்டு சோடி உடுப்பு, பதிவுக்கான போட்டோ, பிரதி எடுக்கும் காசு, முதல் பயணம் எல்லாமாக 15,000 ரூபா வைத்துக்கொள்வோம். மொத்தம் 35,000 ரூபா. பத்து மாதத்தால் பிரித்தால் மாதத்துக்கு 3,500 ரூபா. நாளுக்கு 120 ரூபாவை விடச் சற்றுக் குறைவு.

35,000 என்று ஒரே தொகையாகக் கேட்கும்போது தலை சுற்றும். நாளுக்கு 120 என்றால் அதைப் பற்றி இருந்து பேசலாம். வீட்டில் ஐந்து கோழி நின்று முட்டை இட்டால் அதில் ஒரு பங்கு வரும். பிள்ளை பக்கத்து வீட்டுச் சிறுவர் நாலு பேருக்குக் கணிதமோ ஆங்கிலமோ சொல்லிக் கொடுத்தால் மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வரும். அப்பா கூலி வேலைக்குப் போகும் நாட்களில் நூறு ரூபா வீட்டுக்கு வராமல் நேரே உண்டியலுக்குப் போகலாம். எங்கள் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். சேமிப்பு என்ற சொல் வங்கி விளம்பரத்தில் வருவதற்கு முன்னரே அந்தப் பிடியரிசி எங்கள் வீடுகளில் இருந்தது. பாட்டி அரிசியை உலையில் போடுவதற்கு முன்னர் எடுத்தா, வெந்து மிஞ்சிய சோற்றில் எடுக்கவில்லை. காசுக்கும் இதே முறைதான். செலவு போக மிஞ்சுவதைச் சேர்ப்போம் என்று இருந்தால் மாதக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றும் இராது.

சேர்த்த காசு எங்கே இருக்க வேண்டும்?

வீட்டில் வேண்டாம். கள்ளர் பயத்தைவிட, அருகில் இருக்கும் காசு செலவாகிவிடும் என்பதே முதற் காரணம். கூரைத் தகட்டுக்கு இரண்டாயிரம் குறைகிறது, பிறகு வைக்கலாம் என்று எடுப்போம், பிறகு வைக்க மாட்டோம்.

தேசிய சேமிப்பு வங்கியில் இடும் பணத்துக்கும் அதன் வட்டிக்கும் அரசு முழுப் பொறுப்பு. அக்கணக்கைத் தபாலகங்கள் ஊடாகவும் நடத்தலாம். வங்கிக் கிளை இருபது கிலோமீற்றர் தூரத்தில் உள்ள மீள்குடியேற்றக் கிராமங்களுக்கு இது பெரிய உதவி. மக்கள் வங்கி, இலங்கை வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி, உங்கள் ஊரில் மீண்டும் இயங்கத் தொடங்கிய சிக்கனக் கடனுதவுக் கூட்டுறவுச் சங்கம் ஆகியனவும் உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு மேலதிக நன்மை, தொடர்ந்து சேமித்த அங்கத்தவருக்கு அவசரத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கலாம். ஆனால் சங்கம் ஒழுங்காகப் பொதுக்கூட்டம் கூட்டுகிறதா, கணக்குக் காட்டுகிறதா என்று பார்த்தபின் சேருங்கள்.

கணக்கைப் பிள்ளையின் பெயரில், பிள்ளையின் கையொப்பத்தில் திறவுங்கள். உயர்தரம் முடித்த பிள்ளைக்கு 18 வயது வந்திருக்கும், தேசிய அடையாள அட்டையும் இருக்கும். சிறுவர் சேமிப்புக் கணக்கு முன்பே இருந்தால் 18 வயதில் அதை மாற்றி எடுக்கலாம். பெறுமதி சிறியதாக இருந்தாலும் போய்க் கேளுங்கள். சித்திரை வருடப் பிறப்புக்கு மாமாவும் பெரியம்மாவும் கொடுத்த கைவிசேடம் அதில் வளர்ந்திருக்கும்.

சீட்டு நல்லதா?

இதை எங்களிடம் கேட்காத கிராமம் இல்லை. சீட்டு எங்கள் சனங்களுக்குப் பழக்கமானது. இலங்கையில் சீட்டு பற்றி 1935 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் வந்துவிட்டது, அவ்வளவு பழையது. பத்துப் பேர் மாதம் 1,500 ரூபா போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 15,000 ரூபா. முதல் மாதம் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசி மாதம் எடுப்பவருக்கு அது சேமிப்பு. ஏலச் சீட்டென்றால் முதலில் எடுப்பவர் கழிவு விட்டு எடுப்பார், பொறுத்திருப்பவருக்கு அந்தக் கழிவு இலாபமாக வரும்.

எங்கள் கருத்து இது. சீட்டுப் போடுங்கள், ஆனால் எல்லாக் காசையும் அதில் போடாதீர்கள். மாதம் சேர்க்கும் 3,500 இல் 1,500 ஐச் சீட்டுக்கும் 2,000 ஐ வங்கிக்கும் பிரியுங்கள். பத்தாம் மாதத்தில் சீட்டில் 15,000, வங்கியில் 20,000 இருக்கும். சீட்டில் கடைசி முறைகளில் ஒன்றைக் கேட்டு எடுங்கள், பிள்ளை போகும் மாதத்துக்குப் பொருந்தி வரும்.

ஏன் பிரிக்கச் சொல்கிறோம்? சீட்டுக்குப் பிணை கடுதாசி கிடையாது, முகம்தான். இடம்பெயர முன்னர் ஒழுங்கையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். இன்று ஒரே வீதியில் ஒரு குடும்பம் நலன்புரி நிலையத்திலிருந்து வந்திருக்கும், ஒன்று இந்தியாவிலிருந்து வந்திருக்கும், ஒன்று வன்னியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்திருக்கும். யாரும் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் யார் ஆறாம் மாதத்தில் ஊரைவிட்டு மீண்டும் வேலைக்காக வெளியே போகப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. போட்ட காசையும் எடுத்தவர் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி, ஒவ்வொரு மாதமும் எல்லோரும் கையொப்பம் வைப்பது ஒருவரையும் அவமதிப்பது ஆகாது.

சேர்க்காமல் விட்டால் அதே 35,000 என்ன விலைக்கு வரும்?

சேமிப்பின் அருமையை வட்டிக் கணக்கில்தான் தெளிவாகக் காணலாம். ஆகவே இதைச் சற்று ஆறுதலாகப் பாருங்கள்.

நகையை வங்கியில் அடகு வைத்து 35,000 எடுத்தீர்கள் என்று வையுங்கள். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 15 என்றால் வருட முடிவில் 5,250 ரூபா வட்டி. தனியாரிடம் நூற்றுக்கு மூன்று வட்டி என்று எடுத்தால் கேட்பதற்கு மூன்று சிறிய எண். ஆனால் அது மாத வட்டி. மாதம் 1,050, வருடத்தில் 12,600. வட்டியை மட்டும் கட்டி மீட்காமல் விட்டால் மூன்று வருடத்தில் 37,800 ரூபா வட்டியாகப் போயிருக்கும், நகை இன்னும் அவர்கள் பெட்டியில் இருக்கும்.

மூன்றாவது வழி, வீட்டு வாசலுக்கே வரும் குழுக்கடன். 35,000 ரூபாவுக்குக் கிழமைக்கு 850 வீதம் 52 கிழமை என்று ஓர் உதாரணம் எடுப்போம். மொத்தம் 44,200 கட்டுவீர்கள். வட்டி 9,200 தானே, நூற்றுக்கு 26 அளவுதானே என்று தோன்றும். ஆனால் ஆறு மாதத்தில் முதலில் அரைவாசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். வட்டியோ முழு 35,000 மும் வருடம் முழுதும் உங்கள் கையில் இருந்தது போலக் கணக்கிடப்பட்டிருக்கிறது. உண்மையில் உங்களிடம் இருந்த காசுக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி நூற்றுக்கு ஐம்பதை ஒட்டி வரும். அதோடு கிழமைக்கு ஒரு நாள், மழையோ காய்ச்சலோ, 850 ரூபா கையில் இருந்தே ஆக வேண்டும். படிப்புக்கு எடுத்த கடன் அடுத்த கிழமையே வருமானம் தராது. கடைக்கோ கோழிக் கூட்டுக்கோ எடுத்த கடன் கொஞ்சமாவது உழைத்துத் தரும். இதனால்தான் படிப்புச் செலவுக்குக் கிழமைக் கடன் எடுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம்.

எடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் வந்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் நிறுவனம் 2016 ஆம் ஆண்டின் நுண்நிதியளிப்புச் சட்டத்தின் கீழோ வேறு சட்டத்தின் கீழோ மத்திய வங்கியில் அனுமதி பெற்றதா? வருட வட்டி எவ்வளவு, மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று தமிழில் எழுதித் தருவீர்களா? குழுவில் ஒருவர் கட்டாவிட்டால் அவருடைய பங்கை யார் கட்டுவது? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வீட்டுத்திட்டக் காசைத் தொடலாமா?

கூடாது. வீட்டுத்திட்டப் பணம் கட்டம் கட்டமாக வருகிறது. அத்திவாரம் முடிந்ததை உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகே அடுத்த கட்டம். அதில் பத்தாயிரத்தைப் பிள்ளையின் அறைக்குக் கொடுத்தால் சுவர் முடியாது. சுவர் முடியாவிட்டால் கூரைக் காசு வராது. அதற்கிடையில் சீமெந்து விலை ஏறிவிடும். பத்தாயிரம் எடுத்த இடத்தில் இருபதாயிரத்துக்கு மேல் குறை விழும்.

மறுபக்கமும் உண்டு. பிள்ளைக்கு மகாபொல நிலுவை ஒரே தடவையில் 20,000 வந்ததும் "வீட்டுக்கு நிலை கதவு போடுவம்" என்று பெற்றோர் கேட்பதும், பிள்ளை மறுக்க முடியாமல் அனுப்புவதும் நடக்கிறது. நிலுவைக் காசு வந்தால் முதலில் அந்த நான்கு மாதத்தில் பிள்ளை பட்ட கடனைத் தீருங்கள். மீதியை அடுத்த வருட அறை முற்பணத்துக்கு ஒதுக்குங்கள். கதவுக்குத் துணி கட்டி இன்னும் ஆறு மாதம் இருக்கலாம்.

பிள்ளைக்கு: மாதக் காசை எப்படி நடத்துவது?

இந்தப் பகுதி மாணவராகிய உங்களுக்கு. முதன்முறையாக 12,000 ரூபா உங்கள் கையில் வருகிறது என்று வைப்போம். உதவுதொகை 5,000, வீட்டிலிருந்து 7,000. ஏ.ரி.எம். அட்டையும் கையில். முதல் கிழமை பணக்காரர் போலவும் கடைசிக் கிழமை உபவாசம் போலவும் இருக்கும். எல்லோருக்கும் முதல் இரண்டு மாதம் இப்படித்தான்.

மூவர் சேர்ந்து எடுத்த அறையில் உங்கள் பங்கு 3,000. வீட்டிலிருந்து அரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டுவந்து சேர்ந்து சமைத்தால் சாப்பாட்டுக்கு 5,500. மாதம் இரு தடவை வீட்டுக்குப் போய்வர 800. போட்டோக்கொப்பி, கொப்பி, பேனைக்கு 800. தொலைபேசி றீலோட் 500. சவர்க்காரம், பற்பசை, பிற சில்லறைக்கு 600. கூட்டிப் பாருங்கள், 11,200. மிச்சம் 800. அதில் 500 ஐக் காசு வந்த அன்றே எடுத்து, அட்டை இல்லாத வேறொரு புத்தகக் கணக்கில் போடுங்கள். 300 உங்கள் விருப்பத்துக்கு. நண்பருடன் ஐஸ்கிறீம் சாப்பிடுவது குற்றமில்லை. அதற்கென்று ஒரு தொகை இருந்தால் மனமும் உறுத்தாது.

சாப்பாட்டுக் காசை நாலு கிழமையாகப் பிரித்து, கிழமைக்கு ஒருமுறை மட்டும் எடுங்கள். 5,500 ஐ நான்காகப் பிரித்தால் 1,375. முப்பது நாள் மாதத்தில் நாலு கிழமைக்கு மேல் இரண்டு நாள் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். கிழமைக்கு 1,275 மட்டும் எடுத்தால் அந்த இரண்டு நாளுக்கு 400 மிஞ்சும். கடைசி நாட்களில் நண்பரிடம் கைமாற்று வாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு நாளை மறந்ததால் வருவது.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் உண்டு. மேல் வகுப்பு அண்ணாமார், அக்காமாரிடம் பழைய குறிப்புகள் கேட்டால் தருவார்கள். நூலகத்தில் உள்ள புத்தகத்தை முழுதாகப் பிரதி எடுக்க வேண்டியதில்லை. இ.போ.ச. பஸ்ஸில் மாணவர் பருவச்சீட்டு எடுக்க முடியுமா என்று வளாக அலுவலகத்தில் விசாரியுங்கள். யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் வீட்டுச் சைக்கிளைக் கொண்டுபோனால் உள்ளூர்ப் பயணச் செலவே இல்லை.

வகுப்புச் சுற்றுலா, ஒன்றுபோல் போடும் ரீசேட், பிறந்தநாள் கேக் என்று காசு கேட்டு வருவார்கள். எல்லாவற்றுக்கும் கொடுக்கவும் வேண்டாம், எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கவும் வேண்டாம். "இந்த மாதம் ஏலாது, அடுத்த மாதம் தாறன்" என்று சொல்லிப் பழகுங்கள். உங்களைப் போலவே சொல்ல நினைத்துச் சொல்லாமல் இருக்கும் இன்னும் நாலு பேர் அந்த வகுப்பில் இருப்பார்கள்.

தவணைக் காசில் புதிய தொலைபேசி எடுக்காதீர்கள். நண்பருடைய கடனுக்குப் பிணை நின்று கையொப்பமும் வைக்காதீர்கள். பிணை என்றால் அவர் கட்டாதபோது நீங்கள் கட்டுவது என்று பொருள்.

பகிஷ்கரிப்பு வந்து வளாகம் மூடுவதும் உண்டு. நாலு வருடப் படிப்பு நாலரை, ஐந்து ஆகலாம். மாதம் சேர்க்கும் அந்த 500 வருடத்தில் 6,000 ஆகி நிற்கும். கடைசி வருட ஆய்வறிக்கை அச்சிடவும், படிப்பு முடிந்து வேலை தேடும் மாதங்களில் பஸ் காசுக்கும் அது உதவும்.

வீட்டாரும் பிள்ளையும் ஒரு மணித்தியாலம்

பிள்ளை புறப்பட முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பாயில் இருந்து ஒரு கொப்பியை விரியுங்கள். வீட்டு வருமானம், கடன், அடகில் உள்ள நகை, வெளிநாட்டிலிருந்து வரும் உதவி எல்லாவற்றையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். கஷ்டம் தெரியாமல் பிள்ளை படிக்கட்டும் என்ற பெற்றோரின் மனம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் முகாமில் வரிசையில் நின்று நிவாரணம் வாங்கிய பிள்ளைக்குக் கஷ்டம் புதிதில்லை. தெரியாமல் இருப்பதுதான் அதைப் பயப்படுத்தும். தொகை தெரிந்த பிள்ளை அதற்குள் நடக்கும், தெரியாத பிள்ளை கேட்கவும் கூசிச் செலவழிக்கவும் கூசும்.

கனடாவில் உள்ள சித்தப்பா உதவுவதாகச் சொன்னால், மாதம் எவ்வளவு, எந்தத் திகதி, எத்தனை மாதம் என்று மரியாதையாகக் கேட்டு எழுதுங்கள். "பார்ப்பம்" என்பதை வரவுப் பக்கத்தில் எழுத வேண்டாம். வந்தால் சேமிப்புக்குப் போகட்டும். இரு பக்கமும் ஒரு வாக்குக் கொடுங்கள்: பிள்ளை சாப்பாட்டை விட்டால் சொல்ல வேண்டும், வீட்டார் நகையை அடகு வைத்தால் சொல்ல வேண்டும். மாதத்தில் ஒரு நாள், காசு வந்த மறுநாள் என்று வைத்துக்கொண்டு, போனில் கணக்கு மட்டும் பேசுங்கள். மற்ற நாட்களில் கணக்குப் பேசாமல் வேறு கதை பேசலாம்.

பழைய பாஸ் புத்தகங்கள்

கடைசியாக ஒன்று, பலர் விசாரிக்காமல் விட்டது. இடம்பெயரும்போது வீட்டோடு விட்டுவந்த சேமிப்புப் புத்தகங்கள் எரிந்தும் தொலைந்தும் போயின. புத்தகம் போனாலும் காசு போகவில்லை. வங்கிப் பதிவில் பெயர் இருக்கும். பத்து வருடத்துக்கு மேல் தொடாத கணக்கின் பணம் வங்கியிலிருந்து மத்திய வங்கிக்கு மாற்றப்பட்டிருக்கலாம். அப்போதும் உரிமை அழிவதில்லை, உங்கள் வங்கி ஊடாகவே கோரலாம். கணக்கு வைத்திருந்த கிளை எது, எந்த வருடம் அளவில், எந்தப் பெயரில், எந்த விலாசத்தில் என்று நினைவில் உள்ளதைக் கடுதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டையுடனும், பிரதேச செயலாளர் மேலொப்பம் இட்ட கிராம அலுவலர் சான்றிதழுடனும் அந்தக் கிளைக்கு அல்லது அதன் பணி இன்று எந்தக் கிளையில் நடக்கிறதோ அங்கே போங்கள். கணக்குக்காரர் காலமாகியிருந்தால் இறப்புச் சான்றிதழும், உறவைக் காட்டும் பிறப்பு அல்லது விவாகப் பதிவும் வேண்டும். இறப்புச் சான்றிதழ் எடுக்க முடியாமல் இருப்போர் எமது வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். சட்ட உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டி, முதல் தடவை கூடவே வருவார்.

பெரிய தொகை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அன்று பெரிதாக இருந்த இரண்டாயிரம் இன்று வட்டியோடு சேர்ந்தாலும் பெரிதாக இராது. ஆனாலும் ஒரு மெத்தைக்கும் வாளிக்கும் முதல் மாத பஸ் காசுக்கும் அது போதுமானதாக இருக்கலாம்.